லா ஃபர்மில் சம்பளம் வாங்கினால் வக்கீல் பதிவு என்ன ஆகும்?

கேள்வி: 2025 பிப்ரவரி 8, காலை 10.40

அஞ்சு வருஷ பி.ஏ., எல்எல்.பி. முடிச்சிட்டேன். சென்னையில ஒரு லா ஃபர்ம்ல அசோசியேட்டா கூப்பிட்டிருக்காங்க. மாசாமாசம் பணம். எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர், "சம்பளத்துக்கு வேலை பாக்கிற வக்கீல் வக்கீலே இல்ல, பார் கவுன்சில் விதி 49 படிச்சுப் பாரு"ங்கிறார். படிச்சேன், அப்படித்தான் போட்டிருக்கு. அப்போ ஃபர்ம்ல இருக்கிற அத்தனை பேரும் விதியை மீறித்தான் தொழில் பண்றாங்களா? இன்னொண்ணு, நான் போறது கார்ப்பரேட் டெஸ்க். கோர்ட் வாசலையே மிதிக்கப் போறதில்ல. எண்ரோல்மெண்ட் (பார் கவுன்சில் பட்டியல்ல பேர் பதியறது), ஏஐபிஇ (அகில இந்திய பார் தேர்வு) எல்லாம் எனக்கு எதுக்கு?

பிப்ரவரி 8, இரவு 9.15

உங்கள் சீனியர் சொன்னது பாதி சரி. விதி 49 சொல்வது இதுதான்: வக்கீலாகத் தொழில் செய்யும்வரை எந்த ஆளுக்கும், அரசுக்கும், ஃபர்முக்கும், கம்பெனிக்கும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது. அப்படிச் சேர்ந்தால், பெயர் எந்தப் பார் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதோ அங்கே தகவல் கொடுத்துவிட்டு, வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஃபர்ம் என்று விதியிலேயே இருக்கிறது. அது வக்கீல்களே நடத்தும் ஃபர்மாக இருந்தால் பரவாயில்லை என்று விலக்கு ஏதும் எழுதவில்லை.

மீதிப் பாதி உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. திறந்து பாருங்கள். சம்பளம் என்று எங்கேயும் இருக்காது. "ப்ரொஃபஷனல் ஃபீஸ்" (தொழில் கட்டணம்) அல்லது "ரீடெய்னர்" (மாதாமாதம் தரும் நிலையான கட்டணம்) என்றிருக்கும். பி.எஃப். பற்றி ஒரு வரி இருக்காது. கடைசிப் பக்கத்தில், இந்த ஒப்பந்தத்தால் முதலாளி–தொழிலாளி உறவு ஏற்படாது என்று ஒரு பத்தி இருக்கும். வரியையும் வருமானவரிச் சட்டத்தில் சம்பளத்துக்கான 192-ஆம் பிரிவில் பிடிக்க மாட்டார்கள். ஃபீஸுக்கான 194ஜே-யில் 10 சதவீதம். அதாவது காகிதத்தில் நீங்கள் சுயேச்சையான தொழில்காரர், ஃபர்ம் உங்களிடம் சேவை வாங்குகிறது.

விதியை யாரும் மீறவில்லை. விதிக்கு ஏற்றபடி உறவுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, காலை 7.05

"அப்போ நல்லதுதானே, முதலாளியே கிடையாதே" என்று கீழே ஒருவர் சிரித்திருக்கிறார். சார், நானும் அப்படி ஒரு ஃபர்மில் இருந்தவன். விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். ஒன்பதரைக்கு மேல் வந்தால் மெயில் வரும். லீவு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அதிகமாக எடுத்தால் ஃபீஸில் கழிப்பார்கள். விலகுவதாக இருந்தால் மூன்று மாத நோட்டீஸ். சொந்தக் கேஸ் எடுக்கக்கூடாது. தாளில் விருந்தாளி, அடுக்களையில் மருமகள்.

வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனபோதுதான் இந்த வேடிக்கை முழுசாகப் புரிந்தது. அதிகாரி ஃபாரம் 16 கேட்டார், சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று. என்னிடம் இருந்தது 16ஏ, ஃபீஸில் பிடித்ததற்கான சான்று.

"சொந்தத் தொழிலா சார்?"

"ஆமா."

"ஆனா ஒரே இடத்திலேர்ந்து மாசாமாசம் வருதே?"

"ஆமா."

"லீவு போட்டா பிடிப்பாங்களா?"

"பிடிப்பாங்க."

"அப்போ இது சம்பளம்தானே?"

"இல்ல சார், சம்பளம்னு எழுதிக் கொடுத்தா நான் வக்கீல் இல்லேன்னு ஆயிடும்."

மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில் மூன்று வருட வருமானவரி ரிட்டர்ன் கொடுத்துத்தான் கடன் வந்தது. அதற்குள் பார்த்து வைத்த வீடு கைமாறிவிட்டது.

பிப்ரவரி 9, மதியம்

முக்கியமானதை விட்டுவிட்டேன். பெண்களுக்கு இதில் அடி அதிகம். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு சட்டத்தில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் அது ஊழியருக்கு. ரீடெய்னரில் இருந்த என் சக வக்கீலுக்கு, "குழந்தை பிறந்ததும் எப்ப வேணாலும் திரும்பி வாங்க" என்று அன்பாகச் சொன்னார்கள். அன்பு மட்டும்தான். சில பெரிய ஃபர்ம்கள் தாங்களாக முன்வந்து கொடுக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது அவர்கள் மனசு, உங்கள் உரிமை அல்ல.

பிப்ரவரி 11

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோர்ட்டுக்குப் போகாத டெஸ்க்குக்கு எண்ரோல்மெண்ட் எதற்கு என்றால், 1961 வக்கீல்கள் சட்டம் 29-ஆம் பிரிவின்படி சட்டத்தொழில் செய்ய உரிமையுள்ள ஒரே வர்க்கம் வக்கீல்கள். சட்டத்தொழில் என்றால் வாதாடுவது மட்டும்தானா, ஒப்பந்தம் எழுதுவதும் கருத்துரை கொடுப்பதும் சேர்த்தியா என்று நீண்ட நாள் சண்டை. லாயர்ஸ் கலெக்டிவ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2009-இல் இரண்டும் சேர்த்திதான் என்றது. அடுத்தது நம்ம ஊர் வழக்கு: ஏ.கே. பாலாஜி, வெளிநாட்டு ஃபர்ம்களை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2018 மார்ச்சில் முடிந்தது. அங்கேயும் அதே பதில். வழக்கு நடத்தாத சட்ட வேலையும் சட்டத்தொழில்தான்.

ஆக, கட்சிக்காரருக்கு உங்கள் பெயரில் கருத்துரை போக வேண்டுமானால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

நடைமுறையில் பட்டம் வாங்கிய கையோடு, பதிவு இல்லாமலே ஃபர்மில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. சீனியர் பெயரில் மெயில் போகிறது, இவர்கள் பின்னால் இருந்து எழுதுகிறார்கள். தண்டனைப் பிரிவான 45, உரிமையில்லாமல் கோர்ட்டிலோ அதிகாரிகள் முன்னாலோ தொழில் செய்பவரைத்தான் பிடிக்கிறது: ஆறு மாதம் வரை சிறை. அறையில் உட்கார்ந்து டிராஃப்ட் அடிப்பவரைத் தேடி யாரும் வருவதில்லை. அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். தொழில் அனுபவம் பதிவான தேதியிலிருந்துதான் எண்ணப்படும். சும்மா விட்ட வருடம் போனது போனதுதான்.

பிப்ரவரி 11, இரவு

எண்ரோல்மெண்டுக்குப் பணம் எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 750 ரூபாய். வக்கீல்கள் சட்டம் 24-ஆம் பிரிவில் மாநிலப் பார் கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 100-ம் 25-ம் சேர்த்து 125. முத்திரைத் தீர்வை தனி. மாநிலத்துக்கு மாநிலம் நூலக நிதி, நலநிதி, அடையாள அட்டை என்று ஆயிரக்கணக்கில் ஏற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாவில் 42,100 வரை போனது. 2024 ஜூலை 30-ஆம் தேதி கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு பைசா கூடாது என்றது. முன்னால் கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. முன்னால் கட்டியவன் சோகம் பற்றித் தனி இழை தொடங்கலாம்.

பிப்ரவரி 12

ஏஐபிஇ பற்றிச் சுருக்கமாக. 2009–10 கல்வியாண்டு முதல் பட்டம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் கட்டாயம். முதலில் தற்காலிகப் பதிவு, அதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தேர்வு. தேறினால் தொழில் சான்றிதழ். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. நூறு கேள்வி, எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. குறிப்பு எழுதாத வெறும் சட்டப் புத்தகத்தை எடுத்துப் போகலாம். தமிழிலும் எழுதலாம். இந்தத் தேர்வை வைக்கப் பார் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடிப் பார்த்தார்கள். 2023 பிப்ரவரி 10-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதிகாரம் உண்டு என்று முடித்துவிட்டது.

கார்ப்பரேட் டெஸ்க்குக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டும். தற்காலிகப் பதிவு இரண்டு வருடத்தில் காலாவதி ஆகிவிட்டால் நீங்கள் வெறும் பட்டதாரி.

பிப்ரவரி 15

சுடச்சுட ஒன்று. மத்திய அரசு வக்கீல்கள் சட்டத் திருத்த வரைவை 13-ஆம் தேதி வெளியிட்டுக் கருத்துக் கேட்டிருக்கிறது. சட்டத்தொழில் செய்பவர் என்ற வரையறைக்குள் ஃபர்மில், கம்பெனியில் சட்ட வேலை பார்க்கும் பட்டதாரிகளையும் கொண்டுவருகிறார்கள். வெளிநாட்டு ஃபர்மில் இருப்பவரும் உள்ளே. படித்தவுடன், நம் தம்பியின் கேள்விக்கே இனி வேலை இல்லையோ என்று தோன்றியது. ஆனால் ஊழியரைத் தொழில் செய்பவர் என்று வரையறையில் சேர்த்துவிட்டு விதி 49-ஐ அப்படியே வைத்திருந்தால் இடிக்குமே?

பிப்ரவரி 23

இடிக்க நேரமே இல்லாமல் போனது. வரைவை அரசு நேற்று திரும்பப் பெற்றுவிட்டது, மறுபடி கலந்து பேசுவார்களாம். வரைவை எதிர்த்து டெல்லி வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தது ஃபர்ம் வக்கீல்களுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். வேலைநிறுத்தத் தடை, பார் கவுன்சிலில் அரசு ஆளைப் போடுவது, இவைதான் கோபத்துக்குக் காரணம். சம்பள வக்கீல் விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. வழக்கம்போல.

மார்ச் 2

"டாக்டர் படிச்சவர் வக்கீலும் ஆகலாமா?" என்று ஒருவர். ஆகலாம், ஒரு சமயத்தில் ஒன்றுதான். 1996-இல் ஹனிராஜ் சுலானி என்ற டாக்டர், மருத்துவத்தை விடாமலே பதிவு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். சட்டம் படித்துக்கொண்டே கிளினிக் நடத்துங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். கோட்டு மாட்டும்போது ஸ்டெதஸ்கோப்பை இறக்கி வைக்க வேண்டும்.

மார்ச் 18

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர், "எங்கள் ஊரில் சொலிசிட்டர் என்றால் பெரும்பாலும் ஃபர்ம் ஊழியர்தான், இதில் என்ன சிக்கல்?" என்று கேட்டிருக்கிறார். சிக்கல் இங்கேதான். அங்கே ஒழுங்குமுறை ஆணையம் ஆளுக்கும் சான்றிதழ் கொடுக்கிறது, ஃபர்முக்கும் அனுமதி கொடுக்கிறது. ஆளின் சான்றிதழை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஃபர்ம் தப்புச் செய்தால் ஃபர்மையே பிடிக்கலாம்.

இங்கே உள்நாட்டு ஃபர்முக்கு என்று உரிமம் கிடையாது. கூட்டாண்மையாகவோ, வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மையாகவோ (எல்எல்பி) பதிவு செய்யலாம், ஆனால் பார் கவுன்சில் கண்ணுக்குத் தெரிவது தனித்தனி வக்கீல்கள்தான். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது ஆள். ஒழுங்கு நடவடிக்கை வருவதும் ஆள் மேல். பங்குதாரர் எல்லோரும் வக்கீல்களாக இருக்க வேண்டும், ஆடிட்டரோடு ஃபீஸைப் பங்கு போட முடியாது. 2023 மார்ச்சில் வெளிநாட்டு ஃபர்ம்களுக்குப் பதிவு விதிகள் போட்டார்கள். ஆக வெளிநாட்டு ஃபர்ம் பதிய வேண்டும், பக்கத்துத் தெரு ஃபர்ம் பதிய வேண்டாம்!

இதனால் ஜூனியருக்கு என்ன நட்டம்? ஃபர்ம் உங்களை மோசமாக நடத்தினால் பார் கவுன்சிலில் ஃபர்ம் மேல் புகார் கொடுக்க வழியில்லை. தொழிலாளர் நீதிமன்றம் போனால், "நீங்கள் தொழிலாளியே இல்லை, உங்கள் கையெழுத்தே சொல்கிறது" என்பார்கள்.

மார்ச் 19

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்ப சீனியர்கிட்ட ஜூனியரா சேர்றதே மேலா?" என்று தம்பி கேட்கிறார். வக்கீல் அறைகள் நிறைந்த சென்னைத் தம்புச் செட்டித் தெரு மாடிப்படிகளில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஜூனியருக்குப் பெட்ரோல் காசு கொடுப்பதே பெருந்தன்மை என்று நினைக்கும் அறைகள் இன்னும் இருக்கின்றன. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்றது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000. அதே வருட அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருக்கிறது. உங்கள் வட்டத்தில் யாருக்காவது அந்தத் தொகை தவறாமல் வருகிறதென்றால் இங்கே எழுதுங்கள், தெரிந்துகொள்கிறோம்.

எனக்கு ஃபர்ம் மேல் கோபம் உண்டு. ஆனால் அங்கே ஒன்றாம் தேதி பணம் வந்தது. அப்பா வக்கீலாக இல்லாத, வாடகை கொடுத்து ஊர் விட்டு ஊர் வந்து தங்கியிருக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஏப்ரல் 6

வரி பற்றித் தனிச் செய்தியில் கேட்பவர்களுக்கு இங்கேயே. ஃபீஸாக வருவதால் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டி மீதியைச் செலவாக விடலாம், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால்; ரொக்கமாக வருவது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. சம்பளக்காரனுக்கு இந்தச் சலுகை இல்லை. பி.எஃப். போனதற்கு இது ஆறுதல் பரிசு. 194ஜே-யில் வரி பிடிக்கத் தொடங்கும் வரம்பு இந்த மாதத்திலிருந்து 30,000-லிருந்து 50,000 ஆகியிருக்கிறது, அது ஆண்டுக் கணக்கு. எல்லா அசோசியேட்டும் தாண்டிவிடும் வரம்புதான். முன்கூட்டிய வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட மறக்காதீர்கள்.

மே 21

நேற்று வந்த தீர்ப்பு இந்த இழையையே புரட்டிப் போடுகிறது. அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கு. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். இதுவரை கல்லூரியிலிருந்து நேராகத் தேர்வு எழுதலாம் என்றிருந்தது. ஏற்கெனவே அறிவிப்பு வந்த தேர்வுகளுக்கு இது பொருந்தாது.

மூன்று வருடம் தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்து எண்ணப்படும், ஏஐபிஇ தேறிய தேதியிலிருந்து அல்ல. பிப்ரவரியில் "தள்ளிப் போடாதீர்கள்" என்று எழுதியதற்கு இப்போது பல் முளைத்துவிட்டது.

சிக்கல் சான்றிதழில். பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் சான்று கொடுக்க வேண்டும், அதை அந்தக் கோர்ட்டின் தலைமை நீதித்துறை அதிகாரி மேலொப்பம் இட வேண்டும். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும். கம்பெனி இணைப்பு ஒப்பந்தங்களில் மூன்று வருடம் கண்விழித்த ஃபர்ம் பிள்ளைக்கு எந்தக் கோர்ட் அதிகாரி மேலொப்பம் போடுவார்? உங்களை ஒருநாள்கூடப் பார்த்திராதவர் எதை நம்பிப் போடுவார்? 2018 பாலாஜி தீர்ப்பின்படி அது சட்டத்தொழில்தான். ஆனால் மேலொப்பம் வாங்கக் கோர்ட் படி ஏறித்தான் ஆக வேண்டும்.

மே 22

தம்பி, உங்களுக்கு சிவில் ஜட்ஜ் ஆசை உண்டு என்று இப்போது சொல்கிறீர்கள்! முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஃபர்மில் கோர்ட் வழக்கு நடத்தும் லிட்டிகேஷன் டெஸ்க் இருந்தால் மாறிவிடுங்கள். வக்காலத்தில் உங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலான பார்ட்னர்கள் மறுக்க மாட்டார்கள். வாய்தா வாங்கப் போனாலும் பரவாயில்லை, நீங்கள் ஆஜரானதாக உத்தரவில் பெயர் வருகிறதா பாருங்கள். நகலைச் சேர்த்து வையுங்கள். சான்று கேட்கும் நாளில் அந்தக் கட்டுதான் பேசும்.

ஜூலை 13

கம்பெனி சட்டப் பிரிவுக்குத் தாவுகிறவர்களுக்கு: அது உண்மையான சம்பளம், பி.எஃப். எல்லாம் வரும். அங்கே விதி 49 நேராகப் பாயும். பார் கவுன்சிலுக்கு எழுதிப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும், திரும்பி வரும்போது மறுபடி விண்ணப்பம். ஹிமாச்சலில் மின்வாரிய சட்ட அதிகாரி ஒருவர், "நான் வாரியத்துக்காகக் கோர்ட்டில் ஆஜராகத்தானே செய்கிறேன்" என்று கேட்டு 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். சொல்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் போவது சீனியாரிட்டி மட்டுமல்ல.

நவம்பர் 3

நான்கு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. அக்டோபர் 31 தீர்ப்பு இழுத்துவந்துவிட்டது. விசாரணை அமைப்புகள் வக்கீல்களுக்கு சம்மன் அனுப்புவது பற்றி உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கு. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லும்படி வக்கீலைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிற பாதுகாப்பு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு. கம்பெனியில் முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் சட்ட ஆலோசகருக்கு அது கிடையாது, அவர் தொழில் செய்யும் வக்கீல் அல்ல என்று சொல்லிவிட்டார்கள். சம்பளத்துக்கு முதலாளியையே நம்பியிருப்பவருக்கு வக்கீலின் சுதந்திரம் இல்லை என்பது காரணம்.

இதைப் படித்த பிறகு என் பழைய கோபத்தைக் கொஞ்சம் மறுபடி யோசித்தேன். ஃபர்ம் அசோசியேட்டின் "ஃபீஸ்" வெறும் பாசாங்கு என்று இத்தனை மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பாசாங்கு போய் நாளை எல்லா அசோசியேட்டும் சம்பள ஊழியர் ஆனால், கட்சிக்காரர் அவரிடம் மனம்விட்டுப் பேசியதற்கு என்ன காவல்? விதி 49-ஐ மட்டும் தளர்த்தினால் போதாது, 132-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் சுதந்திரம் என்ற காரணம் எனக்கு உறைக்கவில்லை. விரல் வைத்துக் கதவு திறந்து, லீவுக்கு மெயில் போட்டு, மூன்று மாத நோட்டீஸில் கட்டிப்போடப்பட்ட அசோசியேட் எந்த வகையில் கம்பெனி ஆலோசகரைவிட சுதந்திரமானவர்? ஒரே ஒரு வித்தியாசம்தான் எனக்குத் தெரிகிறது: அவருக்கு மேலே இருப்பவரும் பார் கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டிய வக்கீல். என்னைக் கேட்டால், வக்கீல்கள் மட்டுமே பங்குதாரராக உள்ள ஃபர்முக்கு விதி 49-இல் ஒரு விலக்கு எழுதினால் முடிந்துவிடும். பி.எஃப்.பும் வரும், வக்கீல் பதிவும் இருக்கும்.

நவம்பர் 4

"ஃபர்ம்கள் அதை ஒருநாளும் கேட்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. பி.எஃப். கட்ட யாருக்கு ஆசை?

நவம்பர் 9

தம்பியின் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்திருக்கிறதாம், என்ன கேட்கலாம் என்கிறார். மூன்று விஷயம் கேளுங்கள். நோட்டீஸ் காலம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். இப்போது உங்களுக்கு மூன்று மாதம், அவர்களுக்கு பதினைந்து நாள் என்று இருக்கிறதே, அதை மாற்றச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீட்டை ஃபர்ம் குழுக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்; அதற்கு நீங்கள் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. வக்காலத்தில் பெயர் சேர்ப்பதையும், விலகும்போது அனுபவச் சான்று தருவதையும் எழுத்தில் வாங்குங்கள். ஃபீஸ் உயர்வைக் கடைசியில் கேளுங்கள். அதை முதலில் எடுத்தால் மற்றது எதையும் பேச விட மாட்டார்கள்.